ஏழு மீட்டருக்கு மட்டும்

பெனால்டி மட்டும் கூடாது. வேறு எது வேண்டுமானாலும் நடக்கட்டும், தோற்கட்டும், அந்த ஊரில் கரண்ட் போகட்டும், குட்டை டிராயரைப் போட்டுக்கொண்டு விசில் ஊதுகிற மொட்டைத்தலையனுக்கு வயிற்றைக் கலக்கட்டும், பெனால்டி மட்டும் கூடாது என்று வத்சலா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே நினைத்தாள், நினைத்தது போதாது என்று வாய்விட்டும் முணுமுணுத்தாள், சாப்பாட்டு மேஜையில் சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள் பதினாலு பெண்கள் நீலத் தரையில் கீச்சுகீச்சென்று ஷூ தேய ஓடிக்கொண்டிருந்தார்கள், கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு முந்தைய புழுக்கம், அங்கே ஸ்பெயினில் இப்போதுதான் உச்சிவேளை, அல்மொரேதா என்கிற அந்தச் சின்ன ஊரில் இருக்கிற அத்தனை ஜனமும் அந்த ஸ்டேடியத்துக்குள்தான் உட்கார்ந்து கத்துகிறது போலிருந்தது. கத்தாமல் என்ன செய்யும், லீக்கின் கடைசி ஆட்டம் இது, செப்டம்பரில் ஆரம்பித்தது மே மாதத்தில் வந்து நிற்கிறது, இன்றைக்குத் தோற்றால் அல்மொரேதா கீழ் டிவிஷனுக்குப் போய்விடும், சமமாக முடிந்தாலே போதும், தப்பித்துவிடும். தப்பித்தால் சுகிக்கு இன்னும் இரண்டு வருஷம் கான்ட்ராக்ட். சுகி, சுகிர்தா, அவள் பெற்ற ஒரே மகள், இந்தப் பக்கம் பெஞ்சில் பச்சை ஜெர்சியோடு கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தே இரு சாமி. எழுந்திருக்க வேண்டாம். இலையோடு காம்பும் வருகிறது, வரட்டும், இவருக்கு என்ன தெரியப்போகிறது, காம்போடு போட்டாலும் கீரைதான், காம்பில்லாமல் போட்டாலும் கீரைதான், தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளப் போகிற மனுஷன்.

தண்டபாணி திவானில் படுத்திருந்தார், முதுகு தெரிந்தது, பனியன் முதுகு. பம்ப்செட் கம்பெனியில் முப்பது சொச்சம் வருஷம் வார்ப்படத்துச் சத்தத்தில் நின்றவர், இந்த ஹேண்ட்பால் கூச்சலா அவர் தூக்கத்தைக் கெடுத்துவிடும். சீசன் ஆரம்பத்தில் இப்படி இல்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிராணனை வாங்குவார், "ஏன் வச்சலா, இது கைப்பந்துதானே, அப்ப நெட்டு எங்கே?" என்பார், "நெட்டுக் கட்டினா அது வாலிபாலுங்க, இது கையில எடுத்துட்டு ஓடிப் போயி கோலுக்குள்ள எறியறது, எத்தனை தடவை சொல்றது" என்று இவள் எரிந்து விழுவாள், அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாரமும் அதையே கேட்பார். இப்போது அதுவும் இல்லை. பெண் கடைசி ஆட்டம் ஆடுகிறாள், அப்பனுக்குத் தூக்கம். இருந்து என்ன ஆகப்போகிறது, அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது, அதுதான் பேச்சு. அடியே, அங்கே பார், தடுக்காதே, விடு, அவளைப் பிடித்து இழுக்காதேடி, எறிந்துவிட்டுப் போகட்டும் விடு. விசில் இல்லை. கோல் விழுந்தது. நல்லது. எதிரணிக்கு ஒரு கோல், நல்லது என்று சொல்கிற நிலைமைக்கு வந்தாயிற்று.

ஏனென்றால் சுகியின் வேலையே அப்படி. அணிக்கு இரண்டு கோலிகள், நெரேயா முழுநேரமும் நிற்பாள், சுகி ஏழு மீட்டருக்கு மட்டும். கோல் போடப் போகிறவளை இவர்கள் தகாத விதமாகத் தடுத்துவிட்டால் விசில் ஊதி, ஏழு மீட்டர் கோட்டில் அவளைத் தனியாக நிறுத்திப் பந்தைக் கையில் கொடுத்து எறி என்று சொல்லிவிடுவார்கள், நடுவில் ஒரு ஈ காக்கை இருக்காது, எறிகிறவளும் கோலியும் மட்டும். அப்போது கோச் அரான்ச்சா திரும்பிப் பார்க்காமலே இரண்டு விரலை அசைப்பாள். நெரேயா வெளியே ஓடிவருவாள், சுகி உள்ளே ஓடுவாள், ஒரே ஒரு பந்து, தடுத்தாலும் விட்டாலும் அதோடு திரும்பி வந்து உட்கார வேண்டியதுதான். கல்யாண வீட்டில் பாயசத்துக்கு மட்டும் முந்திரி வறுத்துக் கொடுக்க ஒருத்தியைக் கூப்பிடுகிற மாதிரி இது என்ன உத்தியோகம் என்று முதலில் வத்சலா கேட்டாள். "அம்மா, அந்த ஒரு பந்தை நிறுத்தறதுக்கு இந்த லீக்ல என்னைவிட்டா ஆளில்ல, தெரியுமா" என்றாள் சுகி. அது பீற்றலில்லை, உண்மைதான். ஆக, செப்டம்பரிலிருந்து வத்சலாவின் பிரார்த்தனை விசித்திரமாகிவிட்டது. ஊரில் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளை அணி தப்பு செய்யக் கூடாது என்று கும்பிடுவாள், இவள் மட்டும், பிள்ளையாரப்பா, நம்ம பசங்க யாராவது எவளையாவது பிடித்துத் தள்ளவேண்டும், ஒரு பெனால்டி கிடைக்கவேண்டும், என் பெண் ஒரு நிமிஷம் எழுந்து நிற்கவேண்டும் என்று கேட்டாள். கான்வென்டில் சிஸ்டர் பெர்னடீன் மாரல் சயன்ஸ் வகுப்பில் பிறத்தியார் பாவத்தை விரும்புவதும் பாவம் என்று இங்கிலீஷில் அழுத்திச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வரும், வந்தால் வரட்டும், சிஸ்டர் பெர்னடீனுக்குப் பெண்ணா இருந்தது. அக்டோபரில், நவம்பரில், ஒரு ஆட்டத்தில் மூன்று பெனால்டி, மூன்றையும் நிறுத்தினாள், அன்றைக்குப் பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய். போன பிப்ரவரி வரைக்கும் அப்படி. அதற்கப்புறம் அதே பிள்ளையாரிடம் போய், தப்பாகக் கேட்டுவிட்டேன், திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்லவேண்டியதாயிற்று, அவருக்கே குழம்பியிருக்கும்.

பிப்ரவரியில் அந்தப் பந்து. நினைக்கக் கூடாது, நினைக்காமல் எங்கே இருக்கிறது, கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. ஒன்றும் பெரிய பந்து இல்லை, முலாம்பழம் அளவு, ஆனால் கையில் ஒட்டுவதற்குப் பிசின் தடவி இறுக்கிப் பிடித்து எறிகிறார்கள், எறிகிறவளும் லேசுப்பட்டவள் இல்லை, ஒவ்வொருத்தியும் நிலைக்கதவு மாதிரி தோளோடு இருக்கிறாள். அன்றைக்கு ஏழு மீட்டரிலிருந்து வந்தது நேரே முகத்தில். டப் என்று ஒரு சத்தம், இந்தச் சின்னப் போனிலும் கேட்டது, பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சத்தம் என்றுகூட ஒரு வினாடி நினைத்தாள். சுகி உட்கார்ந்தாள், எழுந்தாள், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள், ஜனம் கைதட்டியது. எறிந்தவளை வெளியேற்றினார்கள், தலையை அசைக்காமல் நிற்கிற கோலியின் முகத்தில் அடித்தால் அப்படி ஒரு சட்டம். சட்டத்தை வைத்து என்ன செய்வது, பந்துதான் முகத்தில் விழுந்துவிட்டதே. மறுநாள் சுகி கூப்பிட்டபோது வீடியோவைப் போடாமல் பேசினாள். இடது கண்ணில் கீழ் மூலையில் யாரோ கர்ட்டனை இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். பெரிய ஊருக்குப் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்தாள், விழித்திரை கிழிந்திருக்கிறதாம், லேசரில் ஒட்டினார்கள், கர்ட்டன் கர்ட்டனாகவே நின்றுவிட்டது, இன்னொரு அடி அந்தப் பக்கம் விழுந்தால் கண் முழுசாகப் போய்விடும், விளையாட்டை நிறுத்து என்றாராம். "நிறுத்திட்டேன்னு சொல்லுடி" என்றாள் வத்சலா. "அம்மா, இப்பச் சொன்னா என் சாமானத்தைக் கட்டி அனுப்பிப்போடுவாங்க. சீசன் முடியட்டும். நீ யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டக் கூட. என் மேல சத்தியம்." பெற்றவள் மேல் சத்தியம் வாங்குவதை விட்டுவிட்டுத் தன் மேலேயே சத்தியம் வாங்கினாள், விவரமான கழுதை, தன் மேல் என்றால் மீற மாட்டாள் என்று தெரியும்.

மீறவில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஒவ்வொரு வாரமும் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள், கடைவாய்ப் பல் ஒன்று விண்விண் என்கிறது, பல் டாக்டர், அம்மா தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீங்களா என்று கேட்டார், முழிச்சுக்கிட்டுத்தான் கடிக்கிறேன் என்றாள். விசில். என்ன, என்ன அது. மொட்டைத்தலையன் கையை நீட்டி ஏழு மீட்டர் கோட்டைக் காட்டுகிறான், பாழாய்ப் போனவன், நெரேயா ஓடி வருகிறாள், பச்சை ஜெர்சி உள்ளே போகிறது, துண்டைக்கூட ஓடும்போதுதான் கழற்றி எறிகிறாள். வத்சலாவின் கை கீரைக்குள் அப்படியே நின்றது. எதிரணி சான் லியாந்த்ரோவின் பத்தொன்பதாம் நம்பர், பின்னல் போட்டவள், பந்தைக் கையில் உருட்டுகிறாள். ஹெய்ல் மேரி என்று ஆரம்பித்தது வாய், எந்தக் காலத்துப் பழக்கமோ, பயம் வந்தால் பிள்ளையார் வருவதற்குள் மேரிதான் வருகிறாள். சுகி இரண்டு கையையும் விரித்து முன்னால் வருகிறாள், இன்னும் முன்னால், பின்னாலேயே நில்லேன்டி, கிட்டே வந்தால் முகத்துக்குத்தானே. எறிந்தாள். வலப்பக்கம், சுகியின் வலது காலில் பட்டுத் தெறித்து வெளியே. ஸ்டேடியம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். சுகி முஷ்டியை மடக்கிக் குதித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், வத்சலாவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம், சந்தோஷப்பட்டதற்குக் கோபம், கோபத்தில் ஒரு ஈர்க்கு நகக்கண்ணில் ஏறிவிட்டது. என்ன பிழைப்பு. இதில் இன்னொரு கூத்து, இந்த வீடியோ அரை நிமிஷம் தாமதமாக வருகிறது, ஸ்கோர் மட்டும் போடுகிற இன்னொரு வெப்சைட்டில் எண் முன்னாலேயே ஏறிவிடும், இங்கே அப்புறம்தான் கோல் விழும். அப்படியானால் இவள் ஹெய்ல் மேரி சொல்லும்போது அங்கே எல்லாம் முடிந்து அவள் வந்து உட்கார்ந்தாயிற்று. ஆகிப்போன காரியத்துக்குத்தான் இத்தனை வேண்டுதலும். இப்போது, இந்த வினாடி, அவள் முகம் எப்படி இருக்கிறது என்று இவளுக்குத் தெரியாது, அரை நிமிஷம் பழைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏனுங் அக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குங்களா?" எதிர்வீட்டுப் பிரேமலீலா, கேட்டைத் திறக்கிற சத்தமே இல்லாமல் வந்து நிற்பாள், பூனைக்காவது மணி கட்டலாம். "பின்னாடி செடியில பறிச்சுக்கோ" என்றாள் வத்சலா, கண்ணை எடுக்காமல். போகிறவளா அவள். "அட, பாப்பா மேட்சுங்களா! இதுல எதுங்க நம்ம பாப்பா?" "உக்காந்திருக்கறவ." "ஏனுங்க உக்காத்தி வெச்சிருக்கறாங்க?" "களைச்சுப்போயிட்டாளாம்." "விளையாடாமயேவுங்களா?" வத்சலா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வைக்குப் பால்காரன் எல்லாம் தண்ணீர் கலப்பதை நிறுத்தியிருக்கிறான். பிரேமலீலாவுக்கு உறைக்காது. "ரயில்வேல எவ்வளவு நல்ல உத்தியோகம், அத விட்டுப்போட்டுப் போயி இப்படி உக்காந்திருக்குது பாவம்" என்றாள். "உன்ற பையன் வீட்டுல உக்காந்திருக்கறதுக்கு இது தேவலை. இவளுக்கு உக்காரச் சம்பளம் தர்றாங்க" என்றாள் வத்சலா. பிரேமலீலா கறிவேப்பிலையைப் பறிக்காமலே போய்விட்டாள். போகட்டும். ஆனால் அது இவளே சொன்ன வார்த்தைதானே, ரயில்வே வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றவளிடம், நிரந்தர வேலையை உதறிட்டுப் பந்தால மூஞ்சியில அடிவாங்கப் போறியாடி என்று. மூஞ்சியில் என்று ஏன் சொன்னாள். கையில், காலில் என்று சொல்லியிருக்கக் கூடாதா. நாக்கில் என்ன இருக்கிறதோ, சொல்வது பலிக்கிறது, நல்லது சொன்னால் பலிக்கக் காணோம்.

அரைநேரம். இரண்டு அணியும் சமம். சுகி உள்ளே போகும்போது நெரேயாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போனாள், எப்போதும் நெரேயாவைத் தன் வலப்பக்கம் வைத்துக்கொள்கிறாள். நெரேயா நல்ல பெண், இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், பந்துப் பிசினைக் கையிலிருந்து கழற்ற அங்கே என்னென்னவோ எண்ணெய் விற்கிறார்களாம், சுகி இங்கிருந்து கொண்டுபோன தேங்காயெண்ணெயைப் பார்த்துவிட்டு அணி மொத்தமும் அதையே கேட்கிறதாம், நெரேயா இவளுக்கு வாட்ஸாப்பில் காலியான பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பி, அழுகிற பொம்மை போட்டு, அம்மா என்று எழுதுவாள். அந்த நெரேயாவின் பெயரைத்தான் இப்போது வத்சலா போனில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கீரைக் கறை படிந்த விரலால் இங்கிலீஷில் அடித்தாள், கான்வென்ட் இங்கிலீஷ், தப்பில்லாமல் வரும், சுகியின் இடது கண் சரியில்லை, தயவுசெய்து அவளை நிற்க விடாதே. மார்ச்சில் ஒரு தடவை இப்படி அடித்து அழித்தாள். இன்றைக்கு விரல் தானாகப் போய் அனுப்பிவிட்டது. அனுப்பியதும் காது அடைத்தது. என் மேல சத்தியம். ஒற்றை டிக். அந்தப் பக்கம் போன் அணைந்து பையில் கிடக்கிறது, ஆட்டம் நடக்கும்போது எவள் போனைப் பார்க்கப்போகிறாள், இது தெரியாமலா அனுப்பினாள், தெரிந்துதான் அனுப்பினாள், போய்ச் சேராது என்று தெரிந்து அனுப்புவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. சீ. அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் அழி என்று அழித்தாள். இருபத்தாறு வயதுப் பெண், அவள் கண், அவள் சீசன், நடுவில் நான் யார் என்று ஒரு பக்கம், பெற்றவள்டி நான், நான் இல்லாமல் வேறெவள் என்று ஒரு பக்கம், இரண்டு பக்கமும் சமம், அரைநேர ஸ்கோர் மாதிரி. திவானில் தண்டபாணி புரண்டார், "தண்ணி" என்றார் என்று நினைத்தாள், இல்லை, முதுகுதான்.

மறுபாதியில் சான் லியாந்த்ரோ ஏறி அடித்தது. இவர்கள் ஒன்று போட்டால் அவர்கள் ஒன்று. அரான்ச்சா கோட்டோரத்தில் நின்று கையை ஆட்டுகிறாள், ஐம்பது வயதிருக்கும், சாம்பல் நிற முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, இவளும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தானாம். இவளுக்குத் தெரிந்தால் நிறுத்துவாளா, இல்லை, இன்னும் ஒரு பந்துதானே என்பாளா. விசில். மறுபடியும். யார் தள்ளியது, நம்ம பக்கத்து நெட்டைச்சிதான், கையைக் கட்டிப்போட வேண்டும் அவளை. சுகி எழுந்து ஓடினாள். மறுபடியும் பத்தொன்பது. இந்தத் தடவை அவள் உருட்டவில்லை, பந்தைப் பிடித்த கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சுகியையே பார்த்தாள், பார்த்தது பிடிக்கவில்லை வத்சலாவுக்கு, கடைக்காரன் தராசைப் பார்க்கிற பார்வை அது. எறிந்தாள், சுகியின் இடப்பக்கம், கீழே. சுகி அசையவே இல்லை. தாமதமாக அசைந்தாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், வத்சலாவுக்குத் தெரியும், பந்து வலையில் விழுந்த சத்தத்துக்குத்தான் காலை நகர்த்தினாள். பிப்ரவரியிலிருந்து இடப்பக்கம் கீழே போன ஒன்றையும் அவள் நிறுத்தவில்லை. வத்சலாவே இதைக் கண்டுபிடித்துவிட்டாள், கோயமுத்தூரில் கீரை ஆய்கிறவள், அங்கே இதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்களாம், கண்டுபிடிக்காமலா இருப்பார்கள். பத்தொன்பதுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த தடவையும் அங்கேதான் எறிவாள். கீழே எறிந்தால் கோலோடு போகும். கொஞ்சம் மேலே தூக்கி எறிந்தால்? அந்தக் கண்ணுக்கு வருகிறது என்றே தெரியாது. தலையை ஒதுக்கக்கூட நேரமிருக்காது. சுகி பெஞ்சுக்குத் திரும்பி, தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டி, ஒரு விரற்கடை தள்ளிக் காற்றைப் பிடித்தாள், பிறகு பாட்டிலைப் பிடித்தாள். யாரும் கவனிக்கவில்லை. இவளும் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

கடைசியில் இன்னும் சமம்தான், இரண்டு எண்ணும் ஒன்றாகவே மினுக்கிக்கொண்டிருந்தது, கடிகாரத்தில் நிமிஷம் தீர்ந்து வினாடி மட்டும் மிச்சமிருந்தது, இப்படியே முடிந்தால் போதும், இப்படியே, யாரும் யாரையும் தொடாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இடைவெளி விட்டு நில்லுங்கடி என்று வத்சலா எழுந்தே நின்றுவிட்டாள், கீரைத் தட்டு சாய்ந்து மேஜை முழுக்கப் பச்சையாகச் சிதறியது, பத்தொன்பது இருவருக்கு நடுவில் புகுந்து குதித்தாள், அந்த நெட்டைச்சி, அதே நெட்டைச்சி, பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தாள். விசில். மொட்டைத்தலையன் கையை நீட்டினான். நேரம் முடிந்துவிட்டது, இந்த ஒரு எறிதல் மட்டும் பாக்கி, விழுந்தால் கீழ் டிவிஷன், நின்றால் பிழைத்தார்கள். அரான்ச்சா இரண்டு விரலை அசைத்தாள். நெரேயா பழக்கத்தில் வெளியே ஓடி வர ஆரம்பித்துவிட்டாள். சுகி எழுந்திருக்கவில்லை. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரான்ச்சா திரும்பினாள், இந்த சீசனில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். சுகி தலையை ஆட்டினாள். ஒரு கையைத் தூக்கி இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள், பிறகு அந்தக் கையை இல்லை என்று விரித்தாள். சொல்லிவிட்டாள். எல்லோர் முன்னாலும், ஊரே பார்க்க, அவளே சொல்லிவிட்டாள். மூன்று மாசமாக இவள் எந்தத் தெய்வத்தையும் விடாமல் கேட்டது இதுதான், கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, கிடைத்த வினாடியில் வத்சலாவின் அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது, "எழுந்திருடி!" என்று கத்தினாள், தெருவுக்குக் கேட்டிருக்கும், "போடி உள்ள! உன்னோடதுடி அது! எழுந்திரு!"

"உடு வச்சலா." திவானிலிருந்து. சுவரைப் பார்த்தபடியே சொன்னார், தூக்கக் குரலே இல்லை. "ஒத்தக் கண்ண வெச்சுட்டு அவ எங்க போயி நிப்பா. உடு." வத்சலா திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "மார்ச்சுல சொன்னா." அவர் எழுந்து உட்கார்ந்தார், கண் சிவந்திருந்தது, படுத்து எழுந்த சிவப்பில்லை. "அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்கப்பா, அம்மா தாங்க மாட்டான்னா." "நான் தாங்க மாட்டேனா? நானா?" "பாக்க முடியலன்னுதான் இப்படித் திரும்பிப் படுத்துக்கறது. சத்தத்தை வெச்சுத் தெரிஞ்சுக்குவேன்." "உங்ககிட்டச் சொல்லாதேன்னு எனக்கு, என்கிட்டச் சொல்லாதீங்கன்னு உங்களுக்கா. நல்லா வளர்த்திருக்கறோம்." "சித்தெ சும்மா இரு, எறியப்போறா." அவர் வெறுங்காலோடு கீரையை மிதித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். அரான்ச்சா சுகியையே ஒரு கணம் பார்த்துவிட்டு நெரேயாவைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். சீசன் முழுக்க இந்த நேரத்தில் வெளியே வந்துகொண்டிருந்தவள், ஏழு மீட்டருக்கு எங்கே நிற்பது என்றே மறந்தவள் மாதிரி கோல் கோட்டிலேயே போய் நின்றாள். பத்தொன்பது கையைத் தூக்கினாள், கண் சுகிக்கு வைத்திருந்த அதே இடது மூலைக்குத்தான் போனது, எறிந்தாள், நெரேயா விழுந்தாளா தாண்டினாளா தெரியவில்லை, முழங்காலிலோ கணுக்காலிலோ பட்டுப் பந்து மேலே எகிறிக் கம்பத்துக்கு மேல் போயிற்று. தண்டபாணி வத்சலாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், பிடித்திருப்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் நெரேயாவின் மேல் விழுந்தார்கள். ஜனம் தரைக்கு இறங்கிவிட்டது. சுகி மெதுவாக எழுந்து, கையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள், அவளுக்கு இடப்பக்கமிருந்து அந்த நெட்டைச்சி அழுதபடி ஓடி வந்து கட்டிக்கொண்டாள், சுகி திடுக்கிட்டு இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிவிட்டாள், அடி விழப்போகிறது என்பதுபோல. பிறகு கழுத்தை முழுசாகத் திருப்பி யாரென்று பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள், அவளையும் கட்டிக்கொண்டாள். "நீங்க பாத்தீங்களா?" என்றாள் வத்சலா. "ம்." "இனி அங்க வெச்சுக்குவாங்களா?" "எப்படி வெச்சுக்குவாங்க." போட்டோவுக்கு நிற்கச் சொல்கிறார்கள் போலிருந்தது, ஆளாளுக்கு முட்டிமோதி நடுவில் இடம் பிடித்தார்கள், நெரேயா கையை ஆட்டி ஆட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள், சுகி வரிசையை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, போகாமல், எல்லோரும் தனக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டாள். அதைத் தாண்டி வெறும் தரை. மூன்று மாசமாகக் கடையில், பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில், எங்கே போனாலும் இப்படித்தான் ஒரு கோடியைத் தேடிப் போய் நின்றிருப்பாள், யாரிடமும் ஏன் என்று சொல்லாமல். வத்சலா போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "நேரா நில்லுடி" என்றாள், இந்தத் தடவை மெதுவாக, அரை நிமிஷத்துக்கு முன்னால் நின்றுவிட்டவளிடம்.